முப்பத்து நான்கு ‘இல்லை’

மார்ச் 14, வெள்ளி.

செவ்வாய்க்கிழமை ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறு என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

ஸ்கூபா முக்குளிப்புக்கான உடல்நலப் படிவத்தில் முப்பத்து நான்கு கேள்விகள். அம்மாவுக்காக நான்தான் நிரப்பினேன். ஏழாவது கேள்வி வரை ஒழுங்காக வாசித்தேன். அம்மா சீருடைப் பொத்தானை மாட்டிக்கொண்டே, “எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். எட்டிலிருந்து கடைசி வரை ‘இல்லை’ கட்டங்களில் மளமளவென்று டிக் போட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

மருந்துச் சீட்டைக்கூட இரண்டு தடவை வாசிக்கிற நான், இருபத்தேழு கேள்விகளை வாசிக்காமலே விட்டிருக்கிறேன்.

இதுவரை நடந்ததை எனக்காகவே ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள்கிறேன். அப்பா பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுகிறவர். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரிப் பகுதியில் இருக்கிறாள். இருவரின் ஷிப்டும் ஒத்துவராமல், கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் சேர்ந்து ஒரு ஊருக்குப் போனதில்லை. நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு, நீச்சல்குளத்தில் மாலை நேர ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தேன். தனியாகப் போகப் பயந்து அம்மாவைத் துணைக்கு அழைத்துப் போனேன். இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாவது வாரம் தண்ணீரில் இறங்கினாள். ஆறாவது வாரம், மாஸ்டர் என்னிடம், “உங்கம்மாவப் பார்த்துக் கத்துக்கோம்மா” என்றார்.

குளத்துப் பாடம் முடிந்துவிட்டது. சான்றிதழுக்குக் கடலில் நான்கு முறை இறங்கி ஏற வேண்டும். அதற்காகத்தான் கப்பல் பயணம். வெதுவெதுப்பான கடல், நல்ல ஸ்கூபா, மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் விடுமுறை. யோசனை அம்மாவுடையது. எந்தக் கப்பல் பாதை என்று முடிவு செய்கிற வேலை என்னுடையது. இன்று மாலை ஐந்து மணிக்குள் பயண அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அதற்குமேல் அறையை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

காலை ஏழரைக்கு என் அட்டவணையை மேஜையில் விரித்தேன். அம்மா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அப்பா தேநீர்க் கோப்பையோடு வந்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்தப் பென்சில் வெளியே வந்தால் யாருடைய பஸ்ஸோ ரத்தாகப் போகிறது என்று டெப்போவில் சொல்வார்களாம்.

“மூணு பாதையா?”

“ரெண்டுப்பா. வடக்குப் பாதைய அடிச்சிட்டேன். ஏழு நாள்ல ஒரே ஒரு இடத்துலதான் டைவிங்.”

“மிச்சம்?”

“தீவுப் பாதை, ஒன்பது நாள். மூணு இடத்துல இறங்கலாம். பவளப் பாறை சுவர் மாதிரி நிக்குமாம். முப்பது மீட்டர் தூரம் தெளிவாத் தெரியும். ஆமை நிச்சயம். அம்மாவுக்கு இதுதான் வேணும். இன்னொண்ணு வளைகுடாப் பாதை, எட்டு நாள். ரெண்டு இடம். ஆழம் கம்மி, மணல் தரை, தண்ணி கொஞ்சம் கலங்கல்.”

அப்பா தீவுப் பாதையின் நான்காம் நாளில் பென்சிலை வைத்தார்.

“இங்க கப்பல் எத்தனை மணிக்கு நிக்குது?”

“எட்டு.”

“டைவிங் படகு?”

“எட்டரை.”

“கப்பல் கரையோட நிக்குதா, தள்ளி நிக்குதா?”

குறிப்பைத் தேடினேன். தீவு சிறியது. கப்பல் கடலிலேயே நிற்கும். ஆட்களைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள்.

“ரெண்டாயிரம் பேர் சின்னப் படகுக்கு வரிசையில நிப்பான். எட்டு மணி வண்டியில இறங்கி எட்டரை வண்டியப் பிடிக்கிறதா? பஸ் போனப்புறம் ஸ்டாப்புல போய் நின்னு கை காட்டுற கதைதான்.” சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லுவாங்க. உங்கம்மா தலையையே விடுறா.”

சிரித்துவிட்டுத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒரு பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் அந்த வழித்தடத்தையே மாற்றச் சொல்கிறவர். பயப்பட ஒரு காரணம் கிடைத்தால் போதும், மொத்தப் பயணத்தையும் ரத்து செய்துவிடுவார்.

அவர் போன பிறகு, படிவத்தோடு சேர்க்க அம்மாவின் பாஸ்போர்ட் நகலைத் தேடினேன். பழைய கைப்பையில் இருக்கும் என்று சொல்லியிருந்தாள். நகல் இருந்தது. அதற்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூடு. அம்மா கண்ணாடி போடுவதில்லை. அவள் கண்ணைப் பரிசோதித்து, வேண்டாம் என்று சொன்னதே நான்தான்.

திறந்தேன். நீல நிற இன்ஹேலர்.

மூச்சுத் திணறும்போது வாயில் வைத்து உறிஞ்சுவது. பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், அதில் எண். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒன்று குறையும். புதிதாக வாங்கும்போது இருநூறு. இப்போது அறுபத்தொன்று. மருந்துக்கடை ஒட்டிய சீட்டில் டிசம்பர் 10 என்று தேதி.

நூற்று முப்பத்தொன்பது அழுத்தல். ஒரு வேளைக்கு இரண்டு என்று வைத்தால், தொண்ணூற்று நான்கு நாளில் ஏறத்தாழ எழுபது தடவை.

வகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் அம்மா உடைமாற்றும் அறைக்குத் தனியாகத் திரும்பிப் போவாள். “சோப்பு டப்பாவ விட்டுட்டேன்” என்பாள். வாரத்துக்கு இரண்டு முறை யாராவது சோப்பு டப்பாவை மறப்பார்களா? எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

படிவத்தை எடுத்து முதன்முறையாக முழுதும் வாசித்தேன். பன்னிரண்டாவது கேள்வி: கடந்த ஐந்தாண்டுகளில் ஆஸ்துமா, மூச்சிரைப்பு, அல்லது இன்ஹேலர் பயன்பாடு உண்டா? அதற்கு எதிரே ‘இல்லை’யில் என் டிக், நேர்த்தியாக.

வகுப்பில் எழுதிய நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது. ‘ஆழத்தில் சுவாசித்த காற்று, மேலே வரும்போது விரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் காற்று வெளியேற முடியாது. நுரையீரல் கிழியலாம்.’ கிழியலாம் என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வேறு.

கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சலவைப் பிரிவு தரைத்தளத்தின் பின்பக்கம். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அறைந்தது. அம்மா உருளை இயந்திரத்தின் மறுபக்கம் நின்று, வெளியே வரும் படுக்கை விரிப்புகளின் இரண்டு மூலைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தாள். எதிர் மூலைகளைப் பிடித்திருந்தவள் அவளுடைய சிநேகிதி. உயரமாக இருப்பதால் எல்லோரும் ‘ஏணி’ என்பார்கள்.

“உன் பட்டியல் ராணி வந்திருக்கா பாரு” என்றாள் ஏணி. “என்னம்மா, கப்பல் டிக்கெட்டா? எனக்கும் ஒரு சீட்டு போடு. நான் தண்ணியில இறங்க மாட்டேன், மேல நின்னு உங்கம்மாவக் கயிறு கட்டி இழுக்கிறேன்.”

அம்மா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “பத்து நிமிஷம் பார்த்துக்கோடி” என்று ஏணியிடம் சொல்லிவிட்டு, துணி அடுக்கும் அறைக்குள் என்னை இழுத்துப் போனாள்.

நான் கண்ணாடிக் கூட்டை நீட்டினேன்.

“என் பையை எதுக்குக் குடைஞ்ச?”

“நீதான் நகல் எடுத்துக்கச் சொன்ன.”

“நகலை எடுத்துட்டு வர வேண்டியதுதான?” கூட்டைப் பிடுங்கி சீருடைப் பையில் போட்டாள். “அது வருஷத்துக்கு ஒரு தடவை. குளிர்ல.”

“நூத்தி முப்பத்தொன்பது.”

“என்னது?”

“மூணு மாசத்துல நூத்தி முப்பத்தொன்பது தடவை அழுத்தியிருக்க. பின்னாடி எண் இருக்கும்மா.”

அம்மா கூட்டை வெளியே எடுத்து, இன்ஹேலரைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாள் அந்த ஜன்னலை அவள் கவனித்ததே இல்லை போலிருந்தது.

“பெத்த பொண்ணா, ஆடிட்டரா நீ?” என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் முழுதாக இல்லை.

“எத்தனை வருஷமா?”

“ஆறு. ஸ்டாஃப் கிளினிக்குல குடுத்தாங்க. இந்த ஆவி, இந்தத் துணித் தூசி. இங்க பாதிப் பேர்கிட்ட இருக்கு.”

“அப்பாவுக்கு?”

“தெரியாது. தெரியவும் கூடாது.”

“அம்மா, இதோட தண்ணிக்குள்ள…”

“குளத்துல என்ன ஆச்சு எனக்கு? சொல்லு. ஒரு நாள் இருமினேனா? உனக்குத்தான் மூக்குல தண்ணி போச்சு, கண்ணுல தண்ணி போச்சு.”

“குளம் மூணு மீட்டர். கடல் பன்னெண்டு, பதினஞ்சு.”

அம்மா அடுக்கியிருந்த தலையணை உறைகளின் மேல் உட்கார்ந்தாள்.

“நாள் பூரா இங்க மூச்சை எண்ணி எண்ணி விடுறேன்டி. மெஷின் ஒரு வேகத்துல போகும், அதுக்கு ஈடு குடுக்கணும். தண்ணிக்குள்ளதான் என் மூச்சு என் வேகத்துல வருது. அங்க யாரும் என்னை அவசரப்படுத்தல. அந்த ஒண்ணையும் பிடுங்கிடாத.”

தரையில் விழுந்திருந்த ஓர் உறையை எடுத்து அடுக்கில் வைத்தேன். மாஸ்டரிடம் கேட்டால் கேள்விக்குப் பதில் சொல்வார். இது கேள்வியே இல்லை.

“சாயங்காலம் படிவத்தைக் குடுக்கணும்மா. பொய்யா இருக்கு. அதுல டிக் போட்டது நான்.”

“கையெழுத்து என்னோடது. நீ பார்க்கல. அவ்வளவுதான்.” எழுந்து சீருடையைத் தட்டிவிட்டாள். “நீ போய் உங்கப்பாகிட்ட ஊதின, நான் கப்பல்லயே ஏற மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் அட்டவணையக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுப் போங்க.”

வெளியே மெஷின் சத்தம் நிற்கவே இல்லை.

ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தாளை நடுவில் மடித்தேன். இடப்பக்கம் ‘சொன்னால்’. வலப்பக்கம் ‘சொல்லாவிட்டால்’. இடப்பக்கம் பதினொரு வரி எழுதினேன்: அப்பா ரத்து செய்வார், அம்மா என்னோடு பேச மாட்டாள், இப்படி. வலப்பக்கம் ஒரே ஒரு வரிதான். அதையும் முழுதாக எழுத முடியவில்லை. பேனா ‘அம்மா’ என்ற வார்த்தையோடு நின்றுவிட்டது.

பயண அலுவலகத்தில் நுழையும்போது நாலு பத்து. அப்பா முன்னமே வந்திருந்தார். எங்கே போனாலும் பத்து நிமிடம் முந்திதான் இருப்பார். அம்மா ஷிப்ட் முடிந்து நேராக வந்து, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த டிக்கெட் அக்கா, மூன்று மாதமாக எங்களைச் சகித்துவருகிறவர். “வாங்க மேடம், முடிவு பண்ணியாச்சா?” என்றார். “இன்னிக்கும் ஒரு புது கட்டம் சேர்த்திருந்தீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்.”

“தீவுப் பாதை” என்றாள் அம்மா.

“நாலாம் நாள் கரை ஏறவே ஒரு மணி நேரம் ஆகும்” என்றார் அப்பா.

“ஆகட்டும். ஆமை ஓடியா போகும்?”

“சரி, பாதைய அப்புறம் பேசுவோம்” என்றார் டிக்கெட் அக்கா. “டைவிங் படிவம் ரெண்டையும் குடுங்க. புது ஆளுங்களுக்கு அவங்க ஒதுக்குற இடமே ஆறுதான். இப்பவே அனுப்பணும்.”

என் படிவத்தைக் கொடுத்தேன். அம்மாவுடையது என் கையிலேயே இருந்தது.

“அக்கா, அம்மாவுக்கு ஒரு புதுப் படிவம் தர்றீங்களா?”

“ஏன்?”

“இதை நான் தப்பாப் பூர்த்தி பண்ணிட்டேன். பாதிக்கு மேல அவங்ககிட்ட கேக்காமலே டிக் போட்டேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே விவரிக்க மாட்டேன்.

புதுப் படிவம் வந்தது. நான் முதலிலிருந்து வாசித்தேன். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி.

“இதய நோய் உண்டா?”

“இல்ல.”

“காதுல அறுவை சிகிச்சை?”

“இல்ல.”

“வலிப்பு?”

“இல்ல.”

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “முப்பத்து நாலுமா? அஞ்சு மணி வண்டியைக் கோட்டை விட்டுடுவ போலிருக்கே.”

“வாசிக்கட்டும்” என்றாள் அம்மா.

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. எல்லாம் இல்லை. பன்னிரண்டை வாசித்தேன். ஆஸ்துமா, மூச்சிரைப்பு, இன்ஹேலர்.

“இல்ல” என்றாள் அம்மா. அதே வேகம், அதே குரல்.

பேனா கட்டத்தின் மேலே நின்றது. இறங்கவில்லை.

“எழுதுடி.”

“வரலம்மா.”

“என்ன வரல? பேனா எழுதலயா?” அப்பா தன் சிவப்புப் பென்சிலை நீட்டினார். “இந்தா.”

யாரும் அதை வாங்கவில்லை. டிக்கெட் அக்கா கணினித் திரையில் எதையோ மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார். அங்கே எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அம்மா சீருடைப் பையில் கைவிட்டாள். கண்ணாடிக் கூட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். திறக்கவில்லை.

“ஆமான்னு போடு.”

“என்ன ஆமா?” என்றார் அப்பா.

அவரே கூட்டைத் திறந்தார். பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“யாரோடது?”

“என்னோடது.”

“எப்ப இருந்து?”

“ஆறு வருஷம்.”

“ஆறு வருஷமா ஒரே வீட்டுல…” என்று தொடங்கியவர், டிக்கெட் அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன.

“சொல்லியிருந்தா வேலைய விடுன்னிருப்பீங்க. இவ அப்ப காலேஜ் சேருற வருஷம். அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க காலையில வர்றப்ப நான் கிளம்பியிருப்பேன். நான் வர்றப்ப நீங்க தூங்கியிருப்பீங்க. அப்படியே போயிடுச்சு.”

அப்பா கூட்டை மூடி வைத்தார். நான் காத்திருந்தேன். இப்போது சொல்லப் போகிறார், எல்லாவற்றையும் ரத்து செய் என்று.

அவர் என் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். விரலால் மேலிருந்து கீழே ஒரு முறை, இடமிருந்து வலம் ஒரு முறை தேடினார்.

“இதுல ஆஸ்பத்திரி எங்க?”

“என்னப்பா?”

“தண்ணியோட சூடு போட்டிருக்க. மழை போட்டிருக்க. மீனு போட்டிருக்க. ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை நிமிஷம்னு எங்க போட்டிருக்க?”

பதினான்கு கட்டம் போட்டிருந்தேன். அதைப் போடவில்லை.

டிக்கெட் அக்கா விசைப்பலகையைத் தட்டினார். தீவுப் பாதையில் இரண்டாவது, மூன்றாவது இடங்களில் வெறும் முதலுதவி நிலையம்தான். முக்குளிப்பவர்களுக்கு ஏதாவது ஆனால் வைத்துச் சிகிச்சை தருகிற அழுத்த அறைக்கு, விமானத்தில் கொண்டுபோக வேண்டும். வளைகுடாப் பாதையில் இரண்டு இடமும் பெரிய ஊர். அழுத்த அறையோடு ஆஸ்பத்திரி, துறைமுகத்திலிருந்து இருபது நிமிடம்.

அப்பா தீவுப் பாதையின் மேல் சிவப்புக் கோடு போட்டார். ஒரே கோடு. பென்சில் முனை ஒடிந்தது.

“ஆமை?” என்றாள் அம்மா. அவளிடமிருந்து அப்படி ஒரு சின்னக் குரலை நான் கேட்டதில்லை.

“வளைகுடாவுலயும் வரும்மா” என்றார் டிக்கெட் அக்கா. “சில நாள் வரும். சில நாள் லீவு போட்டுடும். நான் பொறுப்பில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அம்மா மட்டும் சிரித்தாள்.

“டாக்டர் கையெழுத்து இல்லாம இந்தப் படிவம் செல்லாதும்மா” என்று டிக்கெட் அக்கா தொடர்ந்தார். “புதன்கிழமை வரைக்கும் டைம் வாங்கித் தர்றேன். ஆனா இடம் எத்தனைன்னு இப்பவே சொல்லணும். ஒண்ணா, ரெண்டா?”

“டாக்டர் என்ன சொல்றார்னு பார்த்துட்டு…” என்றார் அப்பா.

“பார்த்துட்டு வந்தா இடம் இருக்காது” என்றாள் அம்மா. “ரெண்டு போடுங்க. வளைகுடாதான். அவர் சொன்ன மாதிரியே. ஆனா ரெண்டு.”

மணி நாலு ஐம்பத்திரண்டு. அப்பா தலையை அசைத்தார். அது சம்மதமா, களைப்பா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா எங்களோடு உட்காரவில்லை. மூன்று வரிசை முன்னால், ஜன்னலோரம். வழியெல்லாம் நிறுத்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நல்லா வாசிச்ச” என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். “ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி.”

“சாரிம்மா.”

“எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இப்படிப் பண்ணப் போறேன்னு. நானாச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் இருந்திருக்கும்.”

அவள் சொல்வது சரி. நான் அப்பாவிடம் சொல்லவில்லைதான். ஆனால் அம்மாவைச் சொல்ல வைத்தேன். இரண்டில் எது மோசம் என்று பஸ் இரண்டு நிறுத்தம் போகும்வரை யோசித்தேன்.

“டாக்டர் வேணாம்னு சொன்னா ஒரு கண்டிஷன்” என்றாள் அம்மா. “நீ இறங்கணும். தனியா. என் இடத்துல அங்க கூட்டிட்டுப் போற ஆள் யாரோ, அவங்க கையப் பிடிச்சிக்கிட்டு. நான் மேல படகுல உக்காந்திருப்பேன்.”

“நீ இல்லாம எனக்குப் பயம்மா இருக்கும்.”

“தெரியும்டி. அதான் கேக்குறேன்.”

பஸ் சிக்னலில் நின்றது. அம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. அப்பா முதலில் இறங்கி, கீழே நின்று, அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். வழக்கமாக வேகமாக நடக்கிறவர், இன்று அவள் மூச்சுக்கு ஏற்ற மாதிரி நடந்தார். அது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

நாளை, சனிக்கிழமை: காலை ஆறரைக்கு மார்பு நோய் மருத்துவரின் கிளினிக்கில் டோக்கன் எடுக்க வேண்டும். டாக்டர் கேட்கிறதற்கு அம்மாவே பதில் சொல்வாள். நான் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.